ஆறாவது விரலும் இரண்டாவது கையெழுத்தும்

2024 செப்டம்பர் 29, ஞாயிற்றுக்கிழமை. மதியம் கறிச்சோறு தின்ற அசதியில் டிவி முன்னால் சாய்ந்து கிடந்தேன். ஆளுநர் மாளிகையில் பதவியேற்பு ஓடிக்கொண்டிருந்தது. செந்தில் பாலாஜி, கோவி. செழியன், ராஜேந்திரன், நாசர் என நான்கு பேர் வந்து உறுதிமொழி எடுத்துக் கையெழுத்துப் போட்டார்கள். அக்கா மகன் குரூப் தேர்வுக்குப் படிக்கிறவன். மடியில் அரசமைப்புப் புத்தகம். "மாமா, நேத்து உதயநிதியத் துணை முதல்வரா அறிவிச்சாங்கல்ல, அவரு எப்ப பதவியேற்பாரு?" என்றான். அவர் ஏற்கெனவே அமைச்சர், புதிதாக எடுக்க உறுதிமொழி எதுவும் இல்லை என்றேன். "அப்ப துணை முதல்வர் எந்த ஷரத்துல வர்றாரு?" 163, 164ஐப் புரட்டச் சொன்னேன். முதலமைச்சர் இருந்தார், அமைச்சர்கள் இருந்தார்கள், துணை முதலமைச்சரைக் காணோம். 74, 75க்குப் போனான். அங்கே பிரதமர் இருந்தார், துணைப் பிரதமர் இல்லை. "கேள்வி வந்தா என்னத்தப் போடுறது?" என்று கேட்டவன், தானே பதிலும் சொல்லிக்கொண்டான். இப்போதெல்லாம் விடைத்தாளில் 'விடை தெரியவில்லை' என்று ஐந்தாவதாக ஒரு வட்டம் இருக்கிறதே, அதைக் கறுப்படித்துவிட்டால் ஆயிற்று. சிரித்துக்கொண்டே காபி போடப் போய்விட்டான்.

எனக்கு அந்தக் கேள்வி விட்டுப் போகவில்லை. எங்கள் வீட்டிலேயே ஒரு துணை இருந்தார். அப்பா ஐந்து வருடம் ஊராட்சித் துணைத் தலைவர், ஊர் வாயில் 'வைஸ்'. மருமகனிடம் அவன் தாத்தாவைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். எங்கே தொடங்கினாலும் ஒரு தண்ணீர்த் தொட்டியில் போய் முட்டும் என்று தோன்றியதால் நிறுத்திக்கொண்டேன். அதன் பிறகு பல மாதங்களாகத் துணைப் பிரதமர்கள், துணை முதல்வர்கள் பற்றிக் கண்ணில் பட்டதையெல்லாம் படித்துக்கொண்டிருக்கிறேன். படிக்கப் படிக்க அப்பாதான் நினைவுக்கு வருகிறார்.

திண்ணையில் வைஸ்

எங்கள் ஊர் பட்டுக்கோட்டைப் பக்கம். பத்து வருட இடைவெளிக்குப் பிறகு 1996இல் உள்ளாட்சித் தேர்தல் வந்தபோது எங்கள் ஊராட்சித் தலைவர் பதவி ஆதிதிராவிடர்களுக்கு ஒதுக்கப்பட்டது. எங்கள் தெருவில் முணுமுணுப்பு கிளம்பியது. பெரியவர்கள் கோயில் மண்டபத்தில் கூடினார்கள். "தலைவரா அவுங்க இருந்துட்டுப் போகட்டும், வைஸ் நம்மாளா இருந்தாப் போதும்" என்று முடிவானது. அந்த 'போதும்' என்ற சொல்லுக்குப் பின்னால் சட்ட ஞானம் இருந்தது என்பது எனக்குப் பின்னால்தான் விளங்கியது. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி ஊராட்சி நிதியிலிருந்து பணம் எடுக்கும் காசோலையில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும். ஒருவர் பேனாவை மூடிவிட்டால் தெரு விளக்குக்கு பல்புகூட வாங்க முடியாது. நாட்டின் துணைப் பிரதமருக்கும் மாநிலத்தின் துணை முதல்வருக்கும் சட்டம் கொடுக்காத ஒன்றை, ஐநூறு வீடுள்ள ஓர் ஊரின் வைசுக்குக் கொடுத்திருந்தது.

மாதத்தில் இரண்டு முறையாவது எழுத்தர் மஞ்சப்பையில் செக் புத்தகமும் வவுச்சர்களுமாக வருவார். கூடவே தலைவரும் வருவார். அப்பா வயலிலிருந்து வந்து காலைக் கழுவி, திண்ணையில் உட்கார்ந்து, துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொரு தாளாகப் படிப்பார். எழுத்தர் திண்ணை ஓரத்தில் உட்காருவார். தலைவர் வாசலில் வேப்பமரத்தடியிலேயே நிற்பார். அப்பாவை விட அவருக்கு ஏழெட்டு வயது கூட. ஆனாலும் "ஐயா, கரண்டு பில்லு கட்டணுங்க" என்பார். "இருப்பா, பாக்குறேன்ல" என்பார் அப்பா. அம்மா காபி கொடுப்பாள். எழுத்தருக்கு எவர்சில்வர் டம்ளர். தலைவருக்குக் கொல்லைப்பக்கம் இறவாணத்தில் கவிழ்த்து வைத்திருக்கும் ஒரு கண்ணாடி கிளாஸ். ஊராட்சியின் முதல் குடிமகன் அந்த கிளாசைக் குடித்து, கழுவி, இருந்த இடத்திலேயே கவிழ்த்துவிட்டுப் போவதை நான் பார்த்திருக்கிறேன். அப்போது எனக்கு அதில் எதுவும் தப்பாகப் படவில்லை என்பதையும் சேர்த்து எழுதிவிட வேண்டும்.

அந்த நாட்களில் அப்பாவுக்குப் பிடித்த ஒரு கதை உண்டு. துணைப் பிரதமராக இருந்த தேவிலாலின் கதை.

உப பிரதான் மந்திரி

1989 டிசம்பர் 1. நாடாளுமன்ற மைய மண்டபத்தில் பிரதமராகப் போகும் தேசிய முன்னணித் தலைவரைத் தேர்ந்தெடுக்கக் கூடியிருக்கிறார்கள். வி.பி. சிங் எழுந்து தேவிலாலின் பெயரை முன்மொழிகிறார். சந்திரசேகர் வழிமொழிகிறார். தேவிலால் தேர்வாகிறார். அடுத்த நிமிடம் தேவிலால் எழுந்து, ஹரியானாவில் என்னைத் 'தாவ்' என்பார்கள், நான் தாவாகவே இருந்துவிடுகிறேன் என்று சொல்லி, பதவியை வி.பி. சிங்கின் பக்கம் தள்ளிவிடுகிறார். தாவ் என்றால் நம் ஊர்ப் பெரியப்பா. முன்கூட்டியே பேசி வைத்த நாடகம் அது. சொல்லாமல் விடப்பட்ட சந்திரசேகர் ஆத்திரத்தோடு வெளியேறினார். நாடகம் என்றாலும் கைக்கு வந்த பிரதமர் பதவியைக் கை நழுவ விட்ட காட்சியை நாடே பார்த்தது.

மறுநாள் குடியரசுத் தலைவர் மாளிகை. உறுதிமொழி செய்து வைப்பவர் ஆர். வெங்கட்ராமன், எங்கள் பக்கத்து ராஜாமடத்துக்காரர், படிப்பிலும் பழக்கத்திலும் வக்கீல். அரசமைப்பின் மூன்றாம் அட்டவணையில் உறுதிமொழியின் வாசகம் அச்சாகியிருக்கிறது. 'ஒன்றியத்தின் அமைச்சராக' என்பதுதான் அதில் உள்ள சொல். வெங்கட்ராமன் 'மந்திரி' என்று எடுத்துக் கொடுக்கிறார். தேவிலால் 'உப பிரதான் மந்திரி', அதாவது துணைப் பிரதமர், என்கிறார். குடியரசுத் தலைவர் திருத்துகிறார். மறுபடியும் 'உப பிரதான் மந்திரி'. கடைசியில் விட்டுக்கொடுத்தவர் ராஜாமடத்துக்காரர்தான்.

இந்த இடத்தை அப்பா நடித்துக் காட்டுவார். அவருக்கு இந்தி தெரியாது. துண்டைத் தலைப்பாகையாகச் சுற்றிக்கொண்டு, குரலைக் கட்டையாக்கி 'உப்ப பிர்தான்' என்று ஆரம்பித்தால் திண்ணையே குலுங்கும். "பெரிய பதவிய வேணாம்னு தூக்கிக் குடுத்த மனுசன், ஒரு பேருக்காக இப்புடியா அலைவான்?" என்று முடிப்பார். எனக்கு இந்தக் கதையில் வேடிக்கையை விடப் பெரிதாகத் தெரிவது அந்த வரிசைதான். முதல் நாள் பிரதமர் பதவியை விட்டவர் மறுநாள் 'உப' என்ற இரண்டெழுத்தை விடவில்லை. விட்டுக்கொடுத்தவனுக்குத்தான் அந்தச் சின்ன அடைமொழி அவ்வளவு அவசியமாகிறது. நான் விட்டுக்கொடுத்தேன் என்பதற்கு அது ஒன்றுதான் ரசீது.

ரசீது செல்லுமா என்று ஒருவர் உச்ச நீதிமன்றத்துக்கே போனார். அரசமைப்பில் இல்லாத ஒரு பதவியின் பேரில் எடுத்த உறுதிமொழி உறுதிமொழியே ஆகாது என்பது வாதம். 1990 ஜனவரியில் தீர்ப்பு வந்தது. உறுதிமொழியில் சாரமான பகுதி வேறு, ஆளை விவரிக்கும் பகுதி வேறு. விவரிப்பில் ஒரு சொல் கூடியதால் உறுதிமொழி கெட்டுப்போகவில்லை. அதே சமயம், அரசுத் தரப்பில் அட்டர்னி ஜெனரல் சோலி சொராப்ஜி சொன்னதை நீதிமன்றம் பதிவு செய்துகொண்டது. துணைப் பிரதமர் என்று அழைக்கப்பட்டாலும் தேவிலால் மற்ற அமைச்சர்களைப் போல ஓர் அமைச்சர்தான், பிரதமரின் அதிகாரம் எதுவும் அந்தப் பெயரால் அவருக்கு வராது. அதாவது தேவிலால் வழக்கில் ஜெயித்தார், ஜெயித்த பொருள் வெறும் சொல் என்று எழுதி வாங்கிக்கொண்டு. ஏழு மாதம் போனது. 1990 ஆகஸ்ட் 1 அன்று வி.பி. சிங் அவரை அமைச்சரவையிலிருந்து நீக்கினார். எந்த அமைச்சரையும் நீக்குகிற அதே வழியில்தான். 34 வருடம் கழித்து, 2024 பிப்ரவரியில், துணை முதல்வர் நியமனங்களை எதிர்த்து வந்த பொதுநல வழக்கைத் தள்ளுபடி செய்தபோதும் உச்ச நீதிமன்றம் ஏறக்குறைய இதையேதான் சொன்னது. துணை முதல்வர் முதலிலும் முடிவிலும் ஓர் அமைச்சர், மற்றது ஒட்டிய சீட்டு.

மேசையும் பெயர்ப்பலகையும்

வல்லபபாய் படேலைக் காட்டி யாராவது இதை மறுக்கலாம். 1947 ஆகஸ்ட் 15 முதல் 1950 டிசம்பரில் இறக்கும் வரை அவர் துணைப் பிரதமர், அவர் கையில் அதிகாரம் இல்லையா என்று. இருந்தது. உள்துறையும் சமஸ்தானங்கள் துறையும் அவரிடம் இருந்தன. காங்கிரஸ் கட்சி அமைப்பு அவர் சொல்லுக்குக் கட்டுப்பட்டது. சமஸ்தானத்து ராஜாக்கள் கையெழுத்திட்டது அந்த மேசைக்குப் பயந்துதான். வாசலில் தொங்கிய பலகையை யாரும் படித்திருக்க மாட்டார்கள்.

இந்த வேறுபாட்டைத் தெளிவாகப் புரிந்துகொண்டவர் மொரார்ஜி தேசாய். 1967 தேர்தலுக்குப் பிறகு இந்திரா காந்தியோடு தலைமைப் போட்டிக்கு நின்றிருக்க வேண்டியவர். சமரசமாகத் துணைப் பிரதமர் பதவியும் நிதித் துறையும் கிடைத்தன. 1969 ஜூலை 16இல் இந்திரா நிதித் துறையை மட்டும் எடுத்துக்கொண்டு, துணைப் பிரதமராகத் தொடருங்கள் என்றார். மேசையைத் தூக்கிக்கொண்டு பலகையை விட்டுவைத்த மாதிரி. மொரார்ஜி ராஜினாமா செய்தார். மூன்றாம் நாள் 14 வங்கிகள் நாட்டுடைமையாயின. அவர் பிடிவாதக்காரர், பிடிக்காதவர்கள் நிறைய. ஆனால் இந்த வரிசையில் வெறும் பெயரை வேண்டாமென்று திருப்பிக் கொடுத்தவர் என்று எனக்கு அவர் மேல் ஒரு மரியாதை உண்டு. கூத்து என்னவென்றால், அதே மொரார்ஜி பிரதமரானபோது 1979 ஜனவரியில் ஒரே நாளில் இரண்டு துணைப் பிரதமர்களை வைத்துக்கொள்ள வேண்டி வந்தது. சரண் சிங், ஜகஜீவன் ராம். ஒருவருக்குக் கொடுத்தால் மற்றவர் முகம் கோணும். ஆறு மாதத்தில் ஆட்சியே கவிழ்ந்தது. சரண் சிங் பிரதமரானார், ஒய்.பி. சவாணைத் துணைப் பிரதமராக்கினார், நாடாளுமன்றத்தைச் சந்திக்காமலே விலகினார். 2002 முதல் 2004 வரை அத்வானி இருந்ததோடு தில்லியில் அந்தப் பலகை கழற்றப்பட்டது. அதற்குப் பின் மாட்டப்படவில்லை.

தலைவருக்கு ஏதாவது ஆனால் துணை மேலே வருவார் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி விதி எதுவும் இல்லை. 1964இல் நேருவும் 1966இல் சாஸ்திரியும் இறந்தபோது இடைக்காலமாகப் பொறுப்பேற்ற குல்சாரிலால் நந்தா துணைப் பிரதமர் கிடையாது. நம் ஊரில் அண்ணா இறந்தபோதும் எம்.ஜி.ஆர். இறந்தபோதும் சில நாள் முதல்வராக இருந்த நாவலர் நெடுஞ்செழியன், பல அமைச்சரவைகளில் இரண்டாம் இடத்தில் உட்கார்ந்தவர், ஒரு நாளும் துணை முதல்வர் என்ற பெயரோடு இருந்ததில்லை. 2016இல் ஜெயலலிதா மருத்துவமனையில் இருந்தபோது, அக்டோபர் 11 அன்று ஆளுநர் 166(3)ஆம் பிரிவின்படி அவருடைய துறைகளை ஓ. பன்னீர்செல்வத்திடம் ஒப்படைத்தார். மந்திரிசபைக் கூட்டங்களுக்கும் அவரே தலைமை வகித்தார். துணை முதல்வரின் வேலை என்று நாம் கற்பனை செய்வதையெல்லாம் அவர் பார்த்தார், பட்டம் மட்டும் இல்லை. பட்டம் வந்தது 2017 ஆகஸ்ட் 21இல். மூன்று முறை முதல்வராக இருந்தவர், கட்சியில் பிரிந்து மீண்டும் சேர்ந்த பிறகு, எடப்பாடி பழனிசாமிக்குத் துணையானார். ஈடாகக் கட்சியில் பன்னீர்செல்வம் ஒருங்கிணைப்பாளர், பழனிசாமி இணை ஒருங்கிணைப்பாளர். கோட்டையில் ஒரு படி கீழே, கட்சி அலுவலகத்தில் ஒரு படி மேலே. பாகப்பிரிவினையில் வீடு ஒருவனுக்கு, கிணறு ஒருவனுக்கு என்று எழுதுவார்களே, அப்படி.

துணைப் பதவியின் வேலை இதுதான் என்று எனக்குப் படுகிறது. ஆட்சி நடத்த அது தேவைப்படுவதில்லை, மனத்தாங்கலை உட்கார வைக்க ஒரு நாற்காலி வேண்டியிருக்கிறது. 1956இல் ஆந்திரத்தோடு தெலங்கானாவைச் சேர்த்தபோது போட்ட கனவான் ஒப்பந்தத்தில், முதல்வர் ஒரு பகுதிக்காரர் என்றால் துணை முதல்வர் மறு பகுதிக்காரராக இருக்க வேண்டும் என்று எழுதினார்கள். முதல்வரான நீலம் சஞ்சீவ ரெட்டி அந்தப் பதவியே கையில் முளைத்த ஆறாவது விரல் என்று ஒதுக்கிவிட்டார். சில வருடங்களுக்கு முன் ஆந்திர முதல்வர் பிரகாசத்தின் அமைச்சரவையில் அவரே அந்த விரலாக இருந்தவர்தான்! தனக்குப் பயன்படவில்லை என்று தெரிந்து சொன்னாரா, தான் ஏறியதும் ஏணியைத் தள்ளினாரா, தெரியாது. தெலங்கானாக்காரர்கள் இரண்டாவது அர்த்தத்தில்தான் எடுத்துக்கொண்டார்கள். அதே ஆந்திரத்தில் 2019இல் ஜெகன்மோகன் ரெட்டி ஐந்து துணை முதல்வர்களை நியமித்தார், சமூகத்துக்கு ஒருவராக. மகாராஷ்டிரத்தில் முதல்வராக இருந்த பட்னாவிஸ், ஆட்சிக்கு வெளியே இருப்பேன் என்று சொன்ன அதே நாளில், 2022 ஜூன் 30 அன்று, முதல்வரான ஷிண்டேவுக்குத் துணையானார். 2024 டிசம்பர் 5 அன்று அவர் முதல்வர், ஷிண்டே துணை.

இதையெல்லாம் விட என்னைக் குடைவது வேறொன்று. மக்களவைக்குத் துணை சபாநாயகர் இருக்க வேண்டும் என்று அரசமைப்பின் 93ஆம் பிரிவு சொல்கிறது. 2019இல் நம் கரூர் தம்பிதுரையின் காலம் முடிந்த பிறகு, அடுத்த மக்களவை ஐந்து வருடமும் துணை சபாநாயகர் இல்லாமலே நடந்து முடிந்தது. சட்டம் கேட்கிற துணை காலி. சட்டம் கேட்காத துணைகள் மாநிலத்துக்கு மாநிலம். அதிகாரம் உள்ள துணையை யாருக்கும் பிடிப்பதில்லை என்று ஒரு காலத்தில் இதைப் படித்துக் கொதித்திருப்பேன். துணை முதல்வருக்கும் ஊராட்சி மாதிரி இரண்டாவது கையெழுத்துக் கொடுக்க வேண்டும் என்றுகூட நண்பர்களிடம் வாதாடியிருக்கிறேன். இப்போது அந்த வாதத்தை எடுக்க நா எழவில்லை. தொட்டி குறுக்கே நிற்கிறது.

தொட்டி

1999 தை மாதம் எங்கள் ஊரில் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி திறந்தார்கள். பந்தல், மைக் செட், சர்க்கரைப் பொங்கல். தொட்டித் தூணில் கருங்கல் பலகை. அதில் ஊராட்சித் தலைவர் பெயர் இருந்தது, வட்டார வளர்ச்சி அலுவலர், பொறியாளர் பெயர்கள் இருந்தன. அப்பாவின் பெயர் இல்லை. யாரும் வேண்டுமென்று செய்ததாக எனக்குத் தோன்றவில்லை. எழுத்தர் பழைய கல்வெட்டு ஒன்றைப் பார்த்துப் பட்டியல் எழுதிக் கொடுத்தார், கல் தச்சர் அதை வெட்டினார். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. பொங்கலை வாங்கிச் சாப்பிட்டார். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுப் படுத்துக்கொண்டார்.

அடுத்த முறை மஞ்சப்பை வந்தபோது கையெழுத்து விழவில்லை. வவுச்சர் நம்பர் சரியில்லை என்றார். அதற்கடுத்த முறை, மூக்குக் கண்ணாடி டவுனில் இருக்கிறது. ஒரு நாள் அஷ்டமி. மாசி போய்ப் பங்குனி வந்தது. தலைவர் வேப்பமரத்தடியில் நின்றுவிட்டு நின்றுவிட்டுத் திரும்பினார். ஆதிதிராவிடர் தெருவில்தான் முதலில் பல்புகள் அணைந்தன, எங்கள் தெருவில் ஏனோ எரிந்துகொண்டிருந்தன. தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுகிறவருக்கு இரண்டு மாதம் சம்பளம் இல்லை. அவர் ஒரு நாள் கொல்லைப்பக்கம் வந்து அம்மாவிடம் பேசிவிட்டுப் போனார். அன்று ராத்திரி அம்மா சோறு போடும்போது சொன்னாள்: "அந்த டில்லிக்காரன் கதையச் சொல்லி நாளெல்லாம் சிரிச்சீங்களே." அப்பா பாதிச் சோற்றில் கை கழுவினார்.

ஒரு வாரத்தில் கல் பலகைக்குக் கீழே, காரை பூசிய இடத்தில், நீல எனாமல் பெயிண்டில் 'முன்னிலை' என்று போட்டு அப்பாவின் பெயரும் 'துணைத் தலைவர்' என்பதும் எழுதப்பட்டிருந்தன. மறுநாள் அப்பா பதினோரு தாளில் ஒரே மூச்சில் கையெழுத்துப் போட்டார். அந்தப் பேனாவுக்குச் சட்டம் காவல். தேவிலாலுக்கு அது கிடைத்திருந்தால் என்ன செய்திருப்பாரோ, அப்பா என்ன செய்தார் என்று எனக்குத் தெரியும். தேவிலால் பெயருக்காகப் பிடிவாதம் பிடித்ததில் யார் வீட்டு விளக்கும் அணையவில்லை.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். பழைய தொட்டி கசிந்து, இடித்துவிட்டுப் பக்கத்தில் புதிது கட்டியிருக்கிறார்கள். கருங்கல்லைப் பெயர்த்துப் பள்ளிக்கூடச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள். காரைச் சுவர் இடிபாட்டோடு போய்விட்டது. அந்த வழியாக வந்த பழைய தலைவருக்கு எண்பதுக்கு மேல் இருக்கும். கையைப் பிடித்துப் பள்ளிக்கூடத் திண்ணையில் உட்காரச் சொன்னேன். முதலில் தயங்கினார், பிறகு உட்கார்ந்தார். அப்பா போய் எத்தனை வருசம் ஆகிறது என்று கேட்டார். சொன்னேன். கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தவர், "அய்யா பேரு இதுக்குக் கீழ இருந்துச்சு" என்றார். ஆமாம் என்றேன்.

"நாந்தான் ஆளக் கூட்டியாந்து எழுதச் சொன்னேன். எண்பது ரூவா கேட்டான் அந்தப் பெயிண்டரு. என் கையிலேர்ந்துதான் குடுத்தேன்." பல் இல்லாத வாயால் சிரித்தார். "அதுக்கு வவுச்சர் போட்டா, அதுலயும் அய்யால்ல கையெழுத்துப் போடணும்?"